பில்லின் அடியில் ஒரு வரி

சம்பாதிக்கும்போது கட்டுவது வருமான வரி. செலவழிக்கும்போது கட்டுவது நுகர்வு வரி. சட்டப்படி அதை அரசுக்குச் செலுத்துபவர் கடைக்காரர்தான். ஆனால் சுமை கடைசியில் பொருளை வாங்கிப் பயன்படுத்துபவர் தலையில்தான் விழுகிறது.

இதை வசூலிக்க எளிய வழி, கடைசி விற்பனையில் மட்டும் வரி போடுவது. அமெரிக்காவில் அதுதான் நடைமுறை. அங்கே மத்திய அரசுக்கென்று பொது விற்பனை வரியே கிடையாது; மாநிலங்களும் அவற்றுக்குக் கீழுள்ள உள்ளாட்சி அமைப்புகளும் தனித்தனியே விதித்துக்கொள்கின்றன. கலிஃபோர்னியாவில் அடிப்படை விகிதம் 7.25 சதவீதம், அதற்கு மேல் ஊருக்கு ஊர் கூடுதல். பக்கத்து மாநிலமான ஓரிகனில் ஒன்றுமே இல்லை. இந்தியாவில் உறையில் அச்சிட்ட எம்ஆர்பிக்குள் வரியும் அடங்கிவிடும். அமெரிக்கக் கடையிலோ அட்டையில் இருப்பது வரி சேராத விலை. கல்லாவுக்கு வந்த பிறகுதான் உண்மையான தொகை தெரியும். இந்த முறையில் ஒரு பலவீனம் உண்டு. கடைசிக் கடைக்காரர் பில் போடாமல் விற்றுவிட்டால் அரசுக்கு மொத்த வரியும் போய்விடும்.

ஒவ்வொரு கைமாற்றத்திலும் வரி போடுவது இன்னொரு வழி. மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட, ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1939இல் கொண்டுவந்த பொது விற்பனை வரி இந்த வகையைச் சேர்ந்தது. சரக்கு எத்தனை கை மாறுகிறதோ அத்தனை முறையும், ஏற்கெனவே கட்டிய வரியையும் சேர்த்த விலைக்கு மீண்டும் வரி விழும். ஜெர்மனியில் 1967 வரை இப்படித்தான் இருந்தது. வரியைத் தவிர்க்கவே நூற்பு, நெசவு, விற்பனை எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் வைத்துக்கொண்டால் லாபம் என்ற நிலை வந்தது. சிறு ஆலைகளுக்கு அது பாதகம்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் பிரான்ஸ் வரித்துறை அதிகாரி மொரிஸ் லோரே. 1954இல் அங்கே அறிமுகமான மதிப்புக் கூட்டு வரி, அதாவது வாட், இன்று 170க்கு மேற்பட்ட நாடுகளில் ஏதோ ஒரு பெயரில் உள்ளது. இந்தியாவில் 2017 ஜூலை 1இல் வந்த ஜிஎஸ்டியும் அதன் வகைதான். வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இது: நூல் ஆலை 100 ரூபாய்க்கு நூல் விற்று 10 ரூபாய் வரி கட்டுகிறது. நெசவாலை துணியை 250 ரூபாய்க்கு விற்று 25 ரூபாய் வசூலிக்கிறது. நூலுக்குக் கொடுத்த 10 ரூபாயைக் கழித்து 15 மட்டும் கட்டுகிறது. தையல் நிறுவனம் சட்டையை 400க்கு விற்றால் 40இல் 25 போக 15. கடை 500க்கு விற்றால் 50இல் 40 போக 10. நான்கையும் கூட்டினால் 50 ரூபாய். அதாவது கடைசி விலையில் சரியாக 10 சதவீதம். கழிவு கிடைக்க முந்தைய பில் வேண்டும் என்பதால், வாங்கும் வியாபாரியே விற்பவரிடம் பில் கேட்டு வாங்குவார். லோரேயின் கெட்டிக்காரத்தனம் இதில்தான் இருக்கிறது.

விலக்கு என்று வரும்போதுதான் குழப்பம். வரி பூஜ்யம் என்றால், மூலப்பொருள்களுக்குக் கட்டிய வரியும் திரும்பக் கிடைக்கும். ஏற்றுமதிக்கு இந்தச் சலுகை உண்டு. வெறும் விலக்கு என்றால் அது கிடைக்காது, அடக்க விலையில் ஒளிந்துகொள்ளும். ‘வரி இல்லை’ என்று சொல்லப்படும் பல பொருள்களிலும் சேவைகளிலும் உண்மையில் வரி இருக்கிறது.

எதற்கு எந்த விகிதம் என்ற வழக்குகள் வேடிக்கையானவை. பிரிட்டனில் கேக்குக்கு வரி பூஜ்யம். சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு முழு வரி. ஜாஃபா கேக் என்ற தின்பண்டம் எந்த இனம் என்ற வழக்கில், நாள்பட்டால் கேக் இறுகும், பிஸ்கட் நமத்துப்போகும் என்பதும் ஒரு வாதமாக எடுபட்டு, 1991இல் அது கேக் என்று தீர்ப்பானது. கனடாவில் டோனட் ஆறுக்குக் குறைவாக வாங்கினால் சிற்றுண்டி, வரி உண்டு. ஆறு வாங்கினால் மளிகை, வரி இல்லை. ஜப்பானில் 2019 முதல் உணவைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போனால் 8 சதவீதம், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10. ரொட்டிக்கு 5 சதவீதம், பாக்கெட் பரோட்டாவுக்கு 18 என்று கர்நாடக முன்தீர்ப்பு ஆணையம் 2020இல் சொன்னபோது பரோட்டாப் பிரியர்கள் கொதித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்குமே வரி இல்லை.

நியூசிலாந்து இந்த வம்புக்கே போகவில்லை. அரிசி முதல் கார் வரை ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரே 15 சதவீதம். நிர்வாகத்துக்கு எளிது; ஆனால் வருமானத்தில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கே செலவிடும் குடும்பத்துக்குப் பாரம் அதிகம். கனடா குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஜிஎஸ்டிக்கு ஈடாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணமாகவே கொடுத்துவருகிறது. அரிசிக்கு வரியைக் குறைத்தால் பணக்காரருக்கும் அதே சலுகை போகும் என்பதால், பணமாகக் கொடுப்பதே குறி தப்பாத வழி.

விகிதத்தை இஷ்டத்துக்குக் குறைப்பதிலும் ஆபத்து உண்டு. இலங்கை 2019 டிசம்பரில் வாட் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக இறக்கியது. பதிவு செய்ய வேண்டிய வியாபாரிகளின் எண்ணிக்கையையும் வெகுவாகச் சுருக்கியது. வருவாய் சரிந்தது; 2022இன் நெருக்கடிக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. 2024 ஜனவரியில் விகிதம் 18 சதவீதத்துக்கு ஏறியது.

இந்தியாவில் பெட்ரோல், டீசல், குடிக்கும் மது மூன்றும் இன்னும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கின்றன. மாநிலங்கள் தங்கள் வருவாயை விட்டுக்கொடுக்கத் தயங்குவதே காரணம். ஆகவே லாரிக்குப் போட்ட டீசலின் வரிக்கு எந்த வியாபாரிக்கும் கழிவு கிடையாது. அந்தத் தொகை கத்தரிக்காய் விலையிலும் சிமென்ட் விலையிலும் சேர்ந்துதான் வருகிறது. பில்லில் மட்டும் தெரியாது.