கியர் மாட்டிக்கிச்சா? பானெட்டைத் திற!

திருவண்ணாமலையில் பவுர்ணமி கூட்டம். கிரிவலத்துக்கு ஆளேற்றி வந்த பழைய அம்பாசடர் நடுரோட்டில் நின்றால் டிரைவர் பாடு திண்டாட்டம்தான். பின்னால் பஸ்காரர் ஹார்ன் அடிப்பார். கியர் அசையாது!

இந்தக் காருக்கு ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் ராடு. அதைத் தன் பக்கம் இழுப்பது ஒரு வேலை; மேலே, கீழே போடுவது இன்னொரு வேலை. இரண்டையும் கியர்பாக்சுக்குக் கொண்டு போவது அடியிலுள்ள இணைப்புக் கம்பிகள். அதில் புஷ் தேய்ந்தால் ராடு ‘லொடலொட’. இழுத்த இழுப்பு முழுசாப் போய்ச் சேராது. கியர் பாதியில் மாட்டிக்கும்.

என்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, கம்பியைக் கையால் அசைத்து நியூட்ரலுக்குக் கொண்டு வந்தால் வண்டி கிளம்பிடும். அது வீடு போய்ச்சேர மட்டும். புஷ் மாற்றாமல் கிரீஸ் தடவி அனுப்புவதெல்லாம் ஒரு ரிப்பேரா?

அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. புஷ் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்துதான் போடவேண்டும்.