ஒரே அம்பு போதும்!

மேடைப் பேச்சு வெல்வது சொல்வளத்தாலா, கருத்துக் கூர்மையாலா? எதிரணி நண்பர் சொல்வளமே என்று முழங்கிவிட்டுப் போனார். கைதட்டினீங்க, நானும் தட்டினேன். ஆனா, அவர் என்னய்யா சொன்னார்?

சிரிக்காதீங்க, நானும் மாட்டினவன்தான். கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுக்குப் பேசப் போனேன். 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகணும். போய், 45 நிமிடம் அடுக்குமொழியாப் பொழிந்தேன். மேடையை விட்டு இறங்கினதும் ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, 70 வளைவும் சுத்திட்டீங்க, ஊருக்குத்தான் வந்து சேரலை!" நான் வாங்கின முனைவர் பட்டம் அன்றைக்குத் தலைகுனிந்தது.

திரும்பும்போது செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைப் பார்த்தேன். விடை அவன் கையிலேயே இருந்தது!

புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் அவன் வில்லாற்றலை வன்பரணர் பாடுகிறார். யானையை வீழ்த்திய அம்பு, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. ஐந்து அம்பு இல்லீங்க, ஒன்று! சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்தான் வில்; கருத்துதான் அம்பு. எடுத்துக்காட்டு ஐந்து சொல்லலாம். ஐந்தையும் ஒரே கருத்து துளைத்துக்கொண்டு போகணும்.

எப்படி? மேடை ஏறுமுன், சொல்ல வந்ததை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்க. எழுத வரவில்லையா? பேச்சு இன்னும் தயாராகவில்லை. வந்துவிட்டதா? அதோடு ஒட்டாத நகைச்சுவை எவ்வளவு ருசியாக இருந்தாலும் வெட்டுங்க. மிளகு விளைவிக்கிறவரிடம் மிளகுக்கொடியை வைத்தே விளக்குங்க. முடிவு வாக்கியத்தை முன்பே மனப்பாடம் பண்ணுங்க. உடும்பு இருக்கும் இடம் தெரிந்தால்தானே அம்பு போய் நிற்கும்?

இன்னொன்று. 153-ஆம் பாட்டிலே, ஓரி கொடுத்த பரிசிலில் நிறைந்த கலைஞர்கள் ஆடவும் மாட்டாமல், பாடலையும் மறந்தார்களாம். அது ஓரிக்குப் பெருமை; நமக்கு எச்சரிக்கை. கைதட்டலில் வயிறு நிறைந்த பேச்சாளன் சொல்ல வந்ததை மறந்துபோவான்!

மணி அடிச்சாச்சு. வீட்டுக்குப் போனதும், "அந்த வாத்தியார் என்னய்யா சொன்னார்?" என்று யாராவது கேட்டால், "ஒரே அம்பு போதும்னார்" என்று சொல்லுங்க. அதுவே எங்கள் அணியின் வெற்றி.