நிலத்தின் இடங்குறிக்கும் கைப்பேசிச் செயலிகளும் அவற்றிற்கேற்ற அளவுமுறையைத் தெரிந்தெடுத்தலும்

கிராமக் கணக்குகளுள் பயிர்க் கணக்கு தலையாயது என்பதைப் பட்டாதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் நன்கு அறிவர். அடங்கலில் எழுதப்பட்டிருக்கும் பயிரே பயிர்க் கடனுக்கும், இன்ஷூரன்ஸ் பதிவிற்கும், வெள்ளச் சேத நிவாரணத்திற்கும் ஆதாரமாகின்றது. அக்கணக்கை நிலத்திலேயே நின்று கைப்பேசிச் செயலியின் வாயிலாகப் பதியும் முறை இப்பொழுது பரவி வருகின்றது. 2024ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 2ந் தேதி மத்திய மந்திரி சபை 2,817 கோடி ரூபாய்ச் செலவில் டிஜிட்டல் விவசாய இயக்கத்திற்கு அனுமதி அளித்தது. உட்பிரிவு தோறும் சென்று பயிரைப் படத்துடன் பதியும் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு அதன் ஓர் அங்கமாகும். தமிழ்நாட்டில் அதே வருஷம் நவம்பர் மாதத்தில் விவசாயக் கல்லூரி மாணவர்களும் இவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டார்கள்.

செயலி தவறான இடத்தைக் காட்டுமாயின், ஒருவர் நிலத்து மணிலாப் பயிர் அடுத்தவர் உட்பிரிவில் ஏறும். நெல் நட்டவர் கணக்கில் தரிசு என்று விழும். நஷ்டஈடு கோரும் நாளில்தான் அது வெளிப்படும். ஆகையால் கைப்பேசி எவ்விதம் இடத்தை அறிகின்றது, எந்த வேலைக்கு எவ்வளவு நம்பத்தக்கது என்பவற்றை நிலமுடையோரும் உத்தியோகஸ்தர்களும் தெரிந்திருத்தல் அவசியம்.

இடமறியும் விதம்

1802ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் கர்னல் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். இந்தியாவின் பெரிய முக்கோண அளவை இதிலிருந்தே வளர்ந்தது. நிலை தெரிந்த இரண்டு இடங்களிலிருந்து கோணம் அளந்து மூன்றாவது இடத்தைக் கண்டுபிடிப்பது அதன் தத்துவம். இக்காலத்துக் கைப்பேசி செய்வதும் அதனை ஒத்ததே. நிலை தெரிந்த இடங்களாக வானத்துச் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. கோணத்திற்குப் பதிலாகத் தூரம் அளக்கப்படுகின்றது. ஒவ்வொரு கோளும் தான் இருக்குமிடத்தையும் நேரத்தையும் ரேடியோ மூலம் ஓயாமல் அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பு வந்துசேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு கைப்பேசி தூரத்தைக் கணக்கிடுகின்றது. கைப்பேசியின் கடிகாரம் அவ்வளவு திருத்தமானதன்று. அதன் பிழையை நீக்குவதற்கும் சேர்த்துக் குறைந்தது நான்கு கோள்கள் தேவை. நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலும் தூரத்தில் 300 மீட்டர் தவறிவிடும்.

கோள் பேசுகின்றது, கைப்பேசி கேட்கின்றது. கைப்பேசியிலிருந்து கோளுக்கு ஒன்றும் போவதில்லை. ஆகையால் டெலிபோன் கம்பெனியின் அலை கிடைக்காத ஜவ்வாது மலைக் கிராமங்களிலும், கார்த்திகைத் தீபத்தன்று ஜன நெருக்கடியால் அலை திணறும் திருவண்ணாமலைப் பட்டணத்திலும், வானம் திறந்திருந்தால் இடமறிதல் நடைபெறும். அலையின்றி நடவாதவை, புலப்படத்தை இறக்கிக்கொள்வதும் எழுதிய கணக்கை அனுப்புவதுமே. அலை இருந்தால் கோள்களின் நிலை விவரம் அதன் வழியே சீக்கிரம் வந்துவிடும். இல்லாவிடில் அதைக் கோளிடமிருந்தே வாங்கவேண்டியிருப்பதால் ஆரம்பத்தில் அரை நிமிஷமோ அதற்கு மேலோ காத்திருக்க நேரிடும்.

பலவகை முறைகளும் அவற்றின் திருத்தமும்

1. டெலிபோன் கோபுரங்களைக் கொண்டு இடமறிதல். இதில் சில நூறு மீட்டர் முதல் சில கிலோமீட்டர் வரை பிழை நேரும். எந்தப் பிர்க்காவுக்கு மழை எச்சரிக்கை அனுப்புவது என்பது போன்றவற்றிற்கு இது போதும்.

2. வைஃபை நிலையங்களைக் கொண்டு அறிதல். பட்டணத் தெருக்களில் சில பத்து மீட்டருக்குள் காட்டும். வயல்வெளியில் அந்நிலையங்கள் இல்லாமையால் பிரயோஜனமில்லை.

3. கைப்பேசியிலுள்ள செயற்கைக்கோள் ஏற்பி. வெட்டவெளியில் சாதாரணமாகச் சுமார் 5 மீட்டர் திருத்தம் உண்டு. அமெரிக்காவின் ஜி.பி.எஸ்., ருஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றைப் பெரும்பாலான கைப்பேசிகள் ஒருங்கே கேட்கின்றன. எல்1, எல்5 என்னும் இரண்டு அலைவரிசைகளையும் ஏற்கும் கைப்பேசிகள் இன்னும் நன்றாகக் காட்டும்.

4. நமது தேசத்தின் நாவிக். இதன் முதற் கோள் 2013 ஜூலை 1ந் தேதி ஏவப்பட்டது. 2023 மே 29ந் தேதி ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01, கைப்பேசிகளுக்கு இசைவான எல்1 வரிசையையும் சேர்த்துக்கொண்டது. எனினும் முன் ஏவியவற்றுள் சிலவற்றின் அணுக் கடிகாரங்கள் பழுதுற்றன. 2025 ஜனவரி 29ந் தேதி ஏவப்பட்ட என்.வி.எஸ்.-02 உத்தேசித்த பாதையை அடையவில்லை. ஆதலால் செயலி நாவிக்கை மட்டும் நம்பாமல் மற்றத் தொகுதிகளுடன் சேர்த்தே உபயோகித்தல் நலம்.

5. நிலையான ஏற்பிகளின் திருத்தங்கொண்டு அளத்தல். இந்திய நில அளவைத் துறை, நிலை திட்டமாய்த் தெரிந்த இடங்களில் ஏற்பிகளை நிறுவியிருக்கின்றது. அவை கண்ட பிழையை அப்போதைக்கப்போது பெற்றுத் திருத்திக்கொள்ளும் தனிக்கருவி சில சென்டிமீட்டருக்குள் அளந்து கொடுக்கும். இது சர்வேயருக்குரிய கருவி. விலை அதிகம், பழக்கமும் வேண்டும்.

ஐந்து மீட்டரும் ஒரு சென்ட் நிலமும்

ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். அதாவது பக்கத்திற்கு ஏறக்குறைய 6.4 மீட்டருள்ள சதுரம். கைப்பேசியின் 5 மீட்டர்ப் பிழை அதற்கு அடுத்தபடியாக நிற்பதை நோக்குக. ஐந்து ஏக்கர் புஞ்சையின் நடுவே நிற்பவருக்கு அப்பிழையால் கெடுதியில்லை. ஆனால் பாகப்பிரிவினைகளால் நமது நஞ்சைகள் நீளவாட்டில் துண்டுபட்டிருக்கின்றன. 20 சென்ட் துண்டு 100 மீட்டர் நீளமிருந்தால் அகலம் 8 மீட்டர்தான். அதன் நட்டநடுவில் நின்றாலும் வரப்பு இருபுறமும் 4 மீட்டரிலேயே இருக்கின்றது. கைப்பேசி பக்கத்து உட்பிரிவைக் காட்டினால் அதில் வியப்பில்லை.

மேலும், செயலியின் திரையில் "திருத்தம் 5 மீட்டர்" என்று வருவதன் பொருளையும் அறியவேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அது 100க்கு 68 தடவை உண்மையான இடம் அவ்வட்டத்திற்குள் அடங்கும் என்று மட்டுமே சொல்லுகின்றது. ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை பிழை அதற்கு மேலும் போகலாம். அட்சரேகையை எட்டு இலக்கம் வரை காட்டுவதும் திருத்தத்தின் அடையாளமன்று. ஐந்தாம் தசம இலக்கமே 1.1 மீட்டருக்குச் சமமாதலால், அதற்கப்பால் கைப்பேசி காட்டும் இலக்கங்கள் அலங்காரமேயாம்.

பரப்பளவு விஷயம் சற்று வேறு. வரப்பைச் சுற்றிச் சில நிமிஷங்களில் நடந்து அளக்கும்பொழுது பிழையின் பெரும்பகுதி ஒரே திசையில் சாய்ந்திருக்கும். வயல் முழுதும் இடம் பெயர்ந்து காட்டினும் பரப்பு ஓரளவு சரியாக வரும். ஆயினும் நிலம் சிறுத்தால் பிழை பெருக்கும். எல்லை நாற்புறமும் ஒரு மீட்டர் வெளியே தள்ளி விழுந்ததென்று வைத்துக்கொள்வோம். சதுரமான ஓர் ஏக்கரில் பரப்பு 100க்கு 6 கூடும். பத்து சென்ட் நிலத்தில் 100க்கு 21 கூடும். விதை, எருக் கணக்கிற்கு முன்னது போதும். கிரயத்திற்கு இரண்டும் போதா.

நமது ஜில்லாவிற்குரிய இடையூறுகள்

அண்ணாமலையின் அடிவாரத்தை ஒட்டிய நிலங்களில் மலை வானத்தின் ஒரு பக்கத்தை மறைக்கின்றது. பாறையில் பட்டுத் திரும்பும் அலை நேரே வந்த அலையைப்போல் ஏற்பியை ஏமாற்றுகின்றது. பட்டணத்தில் உயர்ந்த கட்டடங்களும் அவ்விதமே. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்த கரும்பு ஆகியவற்றினுள் அலை மெலிகின்றது.

தென்னிந்தியாவிற்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நமது தீபகற்பத்தின் தென்முனையை அடுத்துச் செல்லுகின்றது. 1963 நவம்பர் 21ந் தேதி முதல் ராக்கெட்டை விடுவதற்குத் தும்பாவைத் தெரிந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். இப்பிரதேசத்தில் மேல்வானத்து அயனி மண்டலம் சூரியாஸ்தமனத்திற்குப் பின் சில மணி நேரம், முக்கியமாக மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய காலங்களில், கலங்குவதுண்டு. அதனூடே வரும் அலையும் தடுமாறும். பகற்பொழுதிலேயே பயிரைப் பதிந்து முடித்தல் இக்காரணத்தாலும் உத்தமம்.

புலப்படத்திலும் பிழை உண்டு

கைப்பேசி எவ்வளவு சரியாய்க் காட்டினும், அதன் அடியில் விரித்த புலப்படம் தவறினால் பயனில்லை. நமது புலப்படங்கள் ஒவ்வொரு சர்வே எண்ணிற்கும் தனித்தனியே, கல்லிலிருந்து கல்லுக்குச் சங்கிலி பிடித்து வரையப்பட்டவை. அட்சரேகை, தீர்க்கரேகைகளோடு இணைத்து வரையப்பட்டவையல்ல. அவற்றைச் செயற்கைக்கோள் எடுத்த படத்தின்மேல் பொருத்தும்போது சில மீட்டர் விலகிப் போதல் உண்டு. உட்பிரிவு செய்து பட்டா மாறியும் புலப்படத்தில் ஏறாதவையும் இருக்கக்கூடும். ஆகவே செயலி அயல் உட்பிரிவைக் காட்டினால் கைப்பேசியை மட்டும் குறைகூறலாகாது. வரப்பையும், சர்வே கல்லையும், புலப்படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

செயலியை அமைப்போரும் தெரிந்தெடுப்போரும் கவனிக்கத்தக்கவை

முதலாவது, வேலை எதுவென்று தீர்மானித்த பின்பே முறையைத் தெரிந்தெடுக்க வேண்டும். மழைச் செய்திக்குக் கோபுரம் போதும். பயிர் அறுவடைச் சோதனை நடந்த வயலுக்கு உத்தியோகஸ்தர் போனதைக் காட்டக் கைப்பேசி ஏற்பி போதும். சோதனைத் துண்டு பெரும்பாலும் 5 மீட்டருக்கு 5 மீட்டராதலால், அதே துண்டைப் பின்னர்க் கண்டுபிடிக்க அது போதாது. வரப்புத் தகராறுக்கோ தனிக்கருவியும் சர்வேயரும் வேண்டும். எல்லாவற்றிற்கும் விலையுயர்ந்த கருவியை நாடுவது வீண் செலவு. எல்லாவற்றிற்கும் கைப்பேசியை நாடுவது வழக்கிற்கு விதை.

இரண்டாவது, நிற்பவர் எல்லைக்கு வெளியே இருப்பதாகத் தோன்றினால் பதிய மறுக்கும் செயலிகளை எச்சரிக்கையுடன் அமைக்க வேண்டும். கரும்பினுள் நுழைந்தால் வானம் தெரியாது; வரப்பிற்கு வந்தால் வானம் தெரியும், இடமோ எல்லைக்கோட்டின்மேல் விழும். கண்டிப்பு மிகுந்தால் உத்தியோகஸ்தர் பச்சைப் புள்ளி கிடைக்கும் இடந்தேடி அலைவார், அல்லது செயலி காட்டிய எண்ணிலேயே எழுதிவிடுவார். ஆதலால் அப்பொழுது திரையில் தோன்றும் பிழையின் அளவேனும் எல்லைக்கு வெளியே சலுகை கொடுத்து, சரியான உட்பிரிவைக் கையால் தெரிந்தெடுக்கவும் காரணம் எழுதவும் இடம் வைக்கவேண்டும்.

மூன்றாவது, இடத்தோடு அதன் பிழையளவையும், தேதி, நேரத்தையும் சேர்த்தே கணக்கில் வைக்கவேண்டும். பிழையளவு எழுதாத இடக்குறிப்பு, அளவு முத்திரை இல்லாத மரக்கால் போன்றது. பொய்யான இடத்தைக் காட்டும் செயலிகளும் உலவுவதால் அதனைக் கண்டறியும் ஏற்பாடும் தேவை.

நான்காவது, அலையில்லாத கிராமங்களுக்காகப் புலப்படத்தை முன்னரே இறக்கிவைத்து, எழுதிய கணக்கைச் சேமித்துப் பின்னர் அனுப்பும் வசதி இருக்கவேண்டும்.

ஐந்தாவது, இடக்குறிப்பைப் பதியும் நேரத்தில் மட்டும் எடுக்கவேண்டும். ஒருவர் நாள் முழுதும் எங்கிருந்தார் என்பது பயிர்க் கணக்கிற்கு வேண்டாதது.

புதிய செயலி வந்தால், நிலை திட்டமாய்த் தெரிந்த ஒரு சர்வே கல்லின்மேல் கைப்பேசியை வைத்து, காலை, நடுப்பகல், மாலை மூன்று வேளையும் பல நாட்கள் குறித்து, அக்குறிப்புகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்த பின்பே கிராமத்தில் வழங்கவேண்டும்.

பட்டாதாரர்கள் செய்யவேண்டியவை

பயிர்க் கணக்கெடுக்கும் நாளில் கூடுமானவரை நிலத்தில் இருங்கள். சர்வே எண்ணும் உட்பிரிவும் உங்களுடையவைதாமா என்று திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். வரப்பில் நில்லாமல் நிலத்தின் நடுப்பாகத்தில், மரநிழலை விட்டு விலகி, இலக்கம் அசையாமல் நிற்கும்வரை பொறுத்துப் பதியச் சொல்லுங்கள். பிறகு அடங்கலைப் பார்த்து, தவறிருந்தால் இன்ஷூரன்ஸ் கெடு முடியுமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். சர்வே கற்களை உழவில் பெயர்க்காமல் காத்து வருவதும் உங்கள் பொறுப்பேயாகும். கைப்பேசி காட்டிய கோட்டை ஆதாரமாகக் கொண்டு வரப்பை வெட்டுவதும், அயலாருடன் வழக்காடுவதும் கூடாது. எல்லையில் சந்தேகமிருந்தால் நில அளவைக்கு மனுச் செய்து, சர்வேயரைக் கொண்டு அளந்து கொள்வதே முறை.