வாந்தியில் கிழிந்த உணவுக்குழாய்

1723ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். டச்சுக் கடற்படைத் தலைவர் யான் வான் வாசனார், வயிற்றுத் தொந்தரவைப் போக்க வாந்தி மருந்து குடித்தார். பலமாக ஓங்கரித்தபோது நெஞ்சுக்குள் தாங்கமுடியாத வலி! ஒரு நாள் முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர் ஹெர்மன் பூர்ஹாவே வியந்தார். நெஞ்சறையில் வாத்து வறுவலின் வாடை! வயிற்றில் இருக்க வேண்டிய உணவு, நுரையீரலைச் சுற்றிக் கிடந்தது. உணவுக்குழாய் கிழிந்திருந்தது. 1724இல் அவர் இதை விவரித்து எழுதினார். இன்றும் இந்நோய் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

ஏன் கிழிகிறது? வாந்தியின்போது வயிற்றுத் தசைகள் உணவை மேல்நோக்கித் தள்ளுகின்றன. தொண்டை அருகிலுள்ள வால்வு உரிய நேரத்தில் திறக்காவிட்டால் குழாய்க்குள் அழுத்தம் எகிறும். குடலைப் போர்த்தியிருக்கும் வெளிச்சவ்வு உணவுக்குழாய்க்கு இல்லை. அதனால், பெரும்பாலும் அதன் கீழ்ப்பகுதியில் இடப்பக்கமாகக் கிழிகிறது.

அடுத்த ஆபத்து, நாம் விடும் மூச்சிலேயே இருக்கிறது! மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சறையில் அழுத்தம் குறையும். உறிஞ்சுகுழலில் பானம் ஏறுவதுபோல், கிழிசல் வழியே அமிலமும் உணவும் கிருமிகளும் நெஞ்சுக்குள் இழுக்கப்படும்.

முதலில், இரு நுரையீரல்களுக்கும் நடுவே உள்ள பகுதியில் அழற்சி உண்டாகிறது. பிறகு, நுரையீரலைச் சுற்றி நீரும் சீழும் சேர்கின்றன. காற்றும் புகுந்தால் நுரையீரல் சுருங்கி, மூச்சுத் திணறும். சிலருக்குக் கழுத்துத் தோலுக்கடியில் காற்று தேங்கும். அழுத்தினால் ‘நறநற’ எனும். கிருமித்தொற்று முற்றினால் மற்ற உறுப்புகளும் செயலிழக்கலாம்.

ஒரு காலத்தில் இது மரண தண்டனையாகவே இருந்தது. கிழிசலைத் தைத்து உயிர்காத்த அறுவை சிகிச்சை பற்றி 1947இல் பிரிட்டனின் நார்மன் பாரெட் எழுதினார். இன்று சிடி ஸ்கேன், நோயெதிர் மருந்துகள், நீரை வடிக்கும் குழாய், அறுவை சிகிச்சை எனப் பல வழிகள் உள்ளன. ஆனால் முதல் 24 மணி நேரம் மிக முக்கியம்.

மாணவர்களே, அஞ்ச வேண்டாம். இது மிக அரிய நோய். எனினும் வலுக்கட்டாயமாக வாந்தி எடுக்காதீர்கள். யாருக்காவது கடும் வாந்திக்குப் பின் நெஞ்சு வலித்தால், மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை உடனே அழையுங்கள். இதை மாரடைப்பு என்று தவறாகக் கருத வாய்ப்புண்டு. ஆகவே, “முதலில் வாந்தி, பிறகுதான் வலி” என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் ஓர் உயிரைக் காக்கலாம்.