ஓடு போய் தகரம் வந்த கதை

2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த கஜா புயலை எங்கள் ஆலங்குடிப் பக்கம் யாரும் மறக்க முடியாது. மாமனார் காலத்து நாட்டு ஓட்டு வீடு எங்களுடையது. பாதி ஓடு நொறுங்கிப் போச்சு. மீதியைத் தாங்க முடியாமல் ரீப்பரெல்லாம் கரையான் அரித்துக் கிடந்தது. ஓடு வேயத் தெரிந்த ஆளும் கிடைக்கவில்லை. என் தோட்டை அடகு வைத்து தகர ஷீட் போட்டோம்.

வேலைக்கு வந்தவர் செலவு மிச்சம் என்று வெறும் ஆணியை அடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஆடிக் காற்றிலேயே ஓரத்து ஷீட் தூக்கிக்கொண்டு டமடமவென்று அடித்தது. ராத்திரி முழுக்க நானும் என் வீட்டுக்காரரும் கயிறு கட்டி இழுத்துப் பிடித்தோம். அது பறந்து பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த பிள்ளைகள் மேல் விழுந்திருந்தால்? நினைத்தாலே இப்பவும் கை நடுங்குது.

பிறகு வேறு ஆளை வைத்து, இரும்புக் குழாய்ச் சட்டம் கொடுத்து, ரப்பர் வாஷரோடு ஜே போல்ட் போட்டோம். ஷீட்டின் மேட்டில்தான் போல்ட் போடணுமாம். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் கசியும். காற்று முதலில் பிடிப்பது ஓரத்தைத்தான் என்பதால் அங்கே நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள் சகோதரிகளே. கூடவே நின்று பாருங்கள்.

வெயிலுக்குத்தான் வழியில்லாமல் தவித்தோம். புயலில் தென்னையெல்லாம் சாய்ந்து கீற்றுக்கும் பஞ்சம். ஒருவழியாக வாங்கி, அடுப்படி நீங்கலாக, ஷீட்டுக்குக் கீழே தட்டி கட்டியதும் கொஞ்சம் தேவலாம். மழை பெய்தால் மட்டும் பேசுவது காதில் விழாது.

மிஞ்சிய ஓட்டை மாட்டுக் கொட்டகைக்கு வேய்ந்தோம். மத்தியானம் ஆனால் மாமியார் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போகிறார்!

- ஒரு வாசகி, ஆலங்குடி