சாதப் பானையின் அடியில் கரி

காட்கோபரில் எங்கள் வீட்டிற்குக் குழாய் எரிவாயு வந்த அன்று, அடுப்பைப் பொருத்த வந்தவர் கால் மணி நேரத்தில் வேலையை முடித்து, கையெழுத்தையும் வாங்கிச் சென்றார். சாயங்காலம் என் மனைவி சாதப் பானையைக் கவிழ்த்துக் காட்டினார். அடியெல்லாம் கரி. சுவாலை நீலமாயிராமல் மஞ்சளாய் எரிந்தது.

காரணம் பிற்பாடு விளங்கிற்று. ஒரே கன அளவில், சிலிண்டர் வாயுவைவிடக் குழாய் வாயுவுக்கு வெப்பம் குறைவு. ஆகையால் பர்னருக்கு வாயுவை விடும் ஜெட்டின் துளை சற்றுப் பெரிதாயிருக்க வேண்டும். அதற்கென்று அளவு உண்டு. வந்தவரோ கண்மதிப்பில் துளைத்து, அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக்கிவிட்டார். ரப்பர் குழாயின் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவினோம், குமிழி எழும்பிற்று. உடனே வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்தோம். மின்விசிறி சுவிட்சைத் தொடவில்லை.

"ஏழைத் தொழிலாளி, அவர்மேல் புகார் வேண்டாமே" என்றேன்.

"சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று பிள்ளைகள் தூங்குகிறார்களே" என்றார் மனைவி. எனக்குப் பதில் இல்லை. (போதகர் வீட்டிலும் பிரசங்கம் சில வேளை அடுப்படியிலிருந்தே வரும்.)

வெளியே நின்று அவசர எண்ணை அழைத்தோம். மறுநாள் அதே மனிதர் வந்தார். கோபிக்காமல் கரிப் பானையைக் காண்பித்து, சரியான ஜெட்டும் புதுக் கிளிப்பும் போடச் சொன்னேன். நுரையை அவரே தடவினார். குமிழி இல்லை. இம்முறை அதன்பிறகே கையெழுத்திட்டேன்.