பெட்டகத்துள் ஒரு பட்டினம்

யாழ்ப்பாணத்து வீடுகளிலே படங்கள் இரண்டு இடங்களில் இருந்தன. விருந்தினர் காணும்படி விறாந்தைச் சுவரில் மாட்டப்பட்டவை சில. பெட்டகத்தின் அடியிலே, கூறைச் சேலைக்கும் காணி உறுதிக்கும் இடையில், பழைய வேட்டித் துண்டொன்றிற் சுற்றி வைக்கப்பட்டவை பல. சுவரிலே தொங்கிய படங்களில் முகங்களே தெரியும். மீசை முறுக்கிய பூட்டனார், கதிரையில் அமர்ந்த பூட்டியார், அவர்களைச் சூழ நின்ற பிள்ளைகள். பெட்டகத்துப் படங்களோ அத்தனை ஒழுங்கு வாய்ந்தவை அல்ல. முற்றவெளியிலே உலாவச் சென்றபோது எடுத்தது, கொழும்புக்கு உத்தியோகம் பார்க்கப் புறப்பட்ட தமையனைப் புகையிரத நிலையத்திலே வழியனுப்பியபோது எடுத்தது, புதிதாய் வாங்கிய துவிச்சக்கர வண்டியுடன் பெரியகடை வீதியிலே நின்று எடுத்தது எனப் பலவாறாக இருக்கும். எடுத்தவரின் கருத்து முழுவதும் முன்னே நின்ற ஆளின் மீதே பதிந்திருந்தது. பின்னே நின்ற கட்டடத்தை அவர் பொருட்படுத்தினாரல்லர். அஃது என்றென்றும் அங்கேயே நிற்கும் என்பதில் அவருக்கு ஐயம் எழ நியாயமில்லை.

இன்றோ, ஆளும் இல்லை, கட்டடமும் இல்லை, படம் மாத்திரம் இருக்கின்றது என்னும் நிலை எத்தனையோ குடும்பங்களில் உண்டு. படம் இருந்தும் அஃது எவ்விடம் என்று சொல்லுவார் இல்லை என்னும் நிலை அதனினும் கொடியது. இவ்வாரம் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம்மவர் படங்களின் பின்னே தற்செயலாக வந்து நின்ற அந்தக் கட்டடங்களே.

நகரின் பழைய முகத்தைக் காண்பதற்கு முற்றவெளியைப் போன்ற இடம் வேறில்லை. கோட்டை, மணிக்கூட்டுக் கோபுரம், பொது நூலகம், நகர மண்டபம், சுப்பிரமணியம் பூங்கா, றீகல் படமாளிகை யாவும் அவ்வெளியைச் சூழ்ந்தும் அதற்கு அணித்தாகவும் அமைந்திருந்தன. ஆதலின், அங்கே நின்று படமெடுத்தவர் எப்பக்கம் திரும்பியிருந்தாலும் ஏதேனும் ஒரு சரித்திரம் அவர் படத்துள் அகப்பட்டுக்கொண்டது.

17ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையை 1658இற் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதனை ஐங்கோண வடிவிலே திருத்திக் கட்டினர். உள்ளே 1706இல் சிலுவை வடிவான தேவாலயம் ஒன்றையும் அமைத்தனர். 1990ஆம் ஆண்டிற் கோட்டையைச் சூழ நிகழ்ந்த போரிலே அத்தேவாலயம் இடிந்து கற்குவியலாயிற்று. போர் ஓய்ந்த பின் மதில்கள் நெதர்லாந்து அரசின் உதவியுடன் ஓரளவு செப்பனிடப்பட்டன. தேவாலயம் மீண்டும் எழவில்லை. ஆயினும் அரசாங்கக் கட்டடம் ஒன்று அழிந்தால் அதன் அளவுப் படங்கள் எங்கேனும் ஓர் ஆவணக் காப்பகத்தில் அகப்படும். ஒல்லாந்தர் கணக்கிலும் வரைபடத்திலும் வல்லவர்கள். யாழ்ப்பாணக் கோட்டையின் வரைபடங்கள் அவர்கள் நாட்டிலே இன்றும் பத்திரமாக உள்ளன.

மணிக்கூட்டுக் கோபுரத்தின் கதை வேறு. வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கைக்கு வந்ததன் ஞாபகார்த்தமாக, ஸ்மிதர் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி எழுந்த இக்கோபுரம் 1882இல் நிறைவுற்றது. மணிக்கூட்டை அளித்தவர் அக்காலத் தேசாதிபதி லோங்டன் என்பர். போர்க்காலத்திலே அதன் மணிக்கூடும் சிதைந்தது, கோபுரமும் காயமுற்றது. பின்னர் அதனைத் திருத்தியபோது மணிக்கூடுகளை அனுப்பி உதவியவரும் ஒரு வேல்ஸ் இளவரசரே, இந்நாளில் மன்னராயுள்ள சாள்ஸ்.

நூலகத்தைப் பற்றி விரிவாகவே சொல்லுதல் வேண்டும். 1933இல் செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்திலே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அம்முயற்சி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்கு மாறிற்று. 1935இற் பட்டினசபை அதனைப் பொறுப்பேற்றது. பின்னர் நூலகத்துக்கெனத் தனி மாளிகை வேண்டும் என்று ஊரே கூடிப் பணம் திரட்டியது. இந்தியாவின் நூலகவியல் அறிஞர் அரங்கநாதனின் ஆலோசனையும், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் திட்டமும், லோங் அடிகளாரின் ஓயா உழைப்பும் ஒன்றுகூட, 1959 ஒக்டோபர் 11ஆம் நாள் அம்மாளிகை திறக்கப்பட்டது. 1981 மே 31ஆம் நாள் இரவு அதற்குத் தீ மூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள், ஏட்டுச் சுவடிகள் உட்பட, எரிந்து சாம்பராயின. நெடுங்காலம் பாழடைந்து நின்ற கட்டடம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் புதுக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. எரிந்த சுவர்களை அப்படியே சான்றாக விட்டுவைத்து வேறிடத்திலே புதிது கட்டுதல் வேண்டும் என வாதித்தோரும் அந்நாளில் இருந்தனர். நாம் அவ்வழக்கினுள் இப்போது புகவில்லை. எனினும் அதனால் விளைந்த ஒன்றைக் குறிப்பிடாமல் விட முடியாது. பழைய தோற்றத்தையே தழுவிப் புதுக்கப்பட்டமையால், 1960களில் எடுத்த நூலகப் படத்தையும் சென்ற மாதம் எடுத்த படத்தையும் இன்றைய மாணவர் வேறுபடுத்த அறியார். ஒரே முகப்பு, ஒரே கும்மட்டம், முன்றிலிலே அதே கலைமகள். இடையிலே நின்ற கரிய சுவர்களை அறிந்தவர், அந்நாளில் அவ்வழியே நடந்தவர் மாத்திரமே.

ஆகவேதான் பழைய படம் ஒன்றைக் கண்டதும் அதன் காலத்தை அறிதல் முதற் கருமம் ஆகின்றது. இதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை, கூர்ந்த பார்வை போதும். மாணவர்களுக்கு இஃது ஒரு நல்ல விளையாட்டாகவும் அமையும். பெயர்ப்பலகையிலே மாநகரசபை என்று எழுதியிருந்தாற் படம் 1949க்குப் பிந்தியது, யாழ்ப்பாணம் மாநகரசபையானது அவ்வாண்டிலேயே. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்புப் பேருந்து தென்பட்டால் 1958க்கு முந்தியதாக இருக்க முடியாது. அதற்கு முன் ஓடியவை தனியார் கம்பெனிகளின் வண்டிகள். மோட்டார் வண்டியின் இலக்கத் தகட்டிலே சிங்கள ஸ்ரீ எழுத்து இருந்தால் 1950களின் பிற்பகுதியோ அதற்குப் பின்னோ என்று கொள்ளலாம். அவ்வெழுத்தைப் பற்றி நாட்டிலே எழுந்த கிளர்ச்சியைப் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். புகையிரத நிலையத்திலே வண்டி நின்றால் அது 1990க்கு முந்தியது, அன்றேல் 2014 ஒக்டோபருக்குப் பிந்தியது. இடைப்பட்ட 24 ஆண்டுகள் அங்கே புகைவண்டி வந்ததில்லை. 1956இலே தொடங்கிய யாழ்தேவியிற் பயணஞ் செய்த தலைமுறைக்கும், அதனைப் பாட்டிலும் பேச்சிலும் மட்டுமே கேட்டு வளர்ந்த தலைமுறைக்கும் நடுவிலே கிடக்கும் இடைவெளி அதுவே.

கூர்ந்த பார்வையால் எய்த முடியாத செய்திகளும் உண்டு. அவற்றை அறிந்தவர் வீட்டிலே சாய்மனைக் கதிரையில் இருக்கின்றார். பேர்த்தி படத்தை நீட்டி, "ஆச்சி, இது எவ்விடம்?" என்று கேட்டால், "இது தெரியாதோ மோனை? றீகல் தியேட்டரடி எல்லோ. இங்கிலீசுப் படம் ஓடுற இடம். எங்களை ஒருநாளும் அங்க விட்டதில்லை" என்று விடை வரும். அந்தக் கடைசி வாக்கியம் எந்த ஆவணக் காப்பகத்திலும் அகப்படாது. நகரின் நடுவிலே நின்ற ஒரு கட்டடத்தினுள் யார் போகலாம், யார் போகலாகாது என்பதனைப் படம் காட்டாது. ஆச்சி சொன்னாலன்றி நாம் அறியோம்.

நினைவு பிழைப்பதும் உண்டு. தாம் திருமணமான ஆண்டுக்கு முன்னோ பின்னோ என்று கணக்கிட்டுப் பெரியோர் காலத்தைச் சொல்லுவர், படத்திலுள்ள பேருந்தோ வேறு சொல்லும். அவ்வேளை பெரியவரோடு வாதாடுதல் வேண்டா. இரண்டையும் எழுதி வைத்துக்கொள்வதே முறை.

இனி, நம் உள்ளத்தை மிகவும் உறுத்துவது குடியிருந்த வீடுகளின் செய்தி. கோட்டைக்கு வரைபடம் உண்டு, நூலகத்துக்குத் திட்டம் உண்டு. சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய தடித்த சுவரும், பனஞ்சிலாகை மேற் பீலி ஓடு பரப்பிய கூரையும், நடுமுற்றத்தைச் சூழ நாற்புறமும் தாழ்வாரமுமாக விளங்கிய நாற்சார் வீடுகளுக்கு என்ன உண்டு? கொத்தனார் மனத்தளவிற் போட்ட கணக்கு, அவரோடு போயிற்று. கலியாணப் படங்களில் தலைவாசல் தெரியும், சில வேளை முற்றம் தெரியும். அடுக்களையைப் படம் எடுத்தவர் யார்? கிணற்றடியை, நெல் மூடை அடுக்கிய அறையை, பின் விறாந்தையிலே அம்மியிருந்த மூலையை எடுத்தவர் யார்? வீட்டுப் பெண்கள் நாளெல்லாம் நடமாடிய இடங்கள் இவையே, படத்திலே மிகக் குறைவாக விழுந்த இடங்களும் இவையே. தெருவோரத்துச் சுமைதாங்கிக்கும் ஆவுரோஞ்சிக் கல்லுக்கும் இதே கதிதான்.

இதனை உணர்ந்து அரிய பணி ஒன்றைச் செய்தவர் யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனன். போரினால் வீடிழந்தோரை அணுகி, தாம் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தருமாறு கேட்டார். அவர்கள் வரைந்த கோடுகளையும் சொன்ன கதைகளையும் தம் சித்திரங்களுடன் சேர்த்து 2011இலே ஒரு நூலாக வெளியிட்டார். முற்றுப்பெறாத தோம்பு என்பது அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு, எவருக்கு எவ்வளவு நிலம் என்று அரசு எழுதி வைத்த கணக்கு. வீடிழந்த குடிகள் தாமே எழுதிய தோம்பு இஃது என்பதனால் அப்பெயர் மிகப் பொருந்தும். சித்திரம் வரையத் தெரியாதவரும் தம் வீட்டுக் கதவு எத்திசை நோக்கித் திறந்தது என்பதை மறப்பதில்லை. வாசகர்கள் தம் வீட்டிலும் இதனைச் செய்து பார்க்கலாம். கலியாணப் படத்தை ஒருபுறம் வைத்து, வெறுந்தாள் ஒன்றை அப்பாச்சியிடம் கொடுத்து, படத்திலே தெரியும் தலைவாசலுக்கு அப்பால் என்ன இருந்தது என்று கேளுங்கள். கோடு கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் மழையிலே நாவற்குழி வழியாகத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, கையிலெடுத்தவை காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் நகையும் பிள்ளைகளின் உடுப்புமே. பட அல்பம் பாரமானது. பலர் அதனை வீட்டிலே விட்டுச் சென்றனர். மீண்டு வந்தபோது கறையானும் மழைநீரும் அதனை முடித்திருந்தன. எஞ்சிய படங்களில் நல்லவை பல, அதற்கு முன்பே கடல் கடந்து சென்ற உறவினருக்குக் கடிதத்தோடு அனுப்பப்பட்டவை. ஆதலின் யாழ்ப்பாணத்துத் தெரு ஒன்றின் படம் இன்று யாழ்ப்பாணத்தில் இராது, தொறொன்ரோவில் ஒரு மாடிக் குடியிருப்பிலோ, இலண்டனில் ஒரு சப்பாத்துப் பெட்டியிலோ இருக்கும். அங்குள்ள பிள்ளைகளுக்கு அது வெறும் பழந்தாள், இங்குள்ள முதியவருக்கோ அதிலுள்ள ஒவ்வொரு கடையின் பெயரும் தெரியும். இவ்விருவரும் ஒரு முறையேனும் சந்தித்தாக வேண்டும். கைத்தொலைபேசியிலே முகம் பார்த்துப் பேசும் வசதி வாய்த்த இக்காலத்தில் அது பெரிய காரியமும் அன்று.

போரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்கொள்ள இயலாது. நம் கையாலேயே நாம் அழிப்பதும் உண்டு. வீட்டிலே ஒருவர் காலமானதும் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு அச்சிடுவது நம்மவர் வழக்கம். அதற்கு முகம் வேண்டும். பழைய குழுப் படத்தை எடுத்து, கத்தரிக்கோலால் தலையையும் தோளையும் வெட்டி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, மிகுதியைக் குப்பையில் எறிவர். எறிந்த மிகுதியிலே அவர் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மண்டபம் இருந்திருக்கும். இக்காலத்தில் வெட்டாமலே பிரதியெடுக்க வழியுண்டு, ஆதலாற் கத்தரிக்கோல் வேண்டியதேயில்லை.

செய்யத்தக்கவை மிகச் சில. படத்தின் பின்புறத்திலே, மென்மையான பென்சிலால், இடம், ஏறத்தாழ ஆண்டு, நிற்பவர், சொன்னவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். குமிழ்முனைப் பேனாவின் மை மறுபுறம் ஊறும். ஒட்டும் பசையுள்ள அல்பங்களிலிருந்து படங்களை மெல்லக் கழற்றுங்கள், வராவிட்டால் இழுக்காமல் அப்படியே பிரதியெடுங்கள். பிரதியெடுக்கும்போது முன்புறத்துடன் பின்புறத்தையும் எடுத்தல் வேண்டும், படப்பிடிப்பு நிலையத்தின் முத்திரை அங்கேதான் இருக்கும். கைத்தொலைபேசியிலே ஒருவருக்கொருவர் அனுப்பும்போது விவரத்தைப் பிரித்துவிடாதீர்கள். ஒரே படம் மூன்று ஊர்ப் பெயருடன் உலாவுவதை நாம் அடிக்கடி காண்கின்றோம். 2005இலே தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் கல்வெட்டுகளையும் எண்ணிமப் பிரதிகளாகச் சேமித்து எவரும் படிக்கும்படி வைத்துள்ளது. குடும்பத்தாருக்குச் சம்மதமாயின், இத்தகைய சேமிப்புகளுக்கு ஒரு பிரதி கொடுப்பதால் வீட்டிலுள்ள மூலத்துக்கு எவ்வகைக் குறையும் நேராது.

கோட்டையின் முகப்பும் நூலகத்தின் கும்மட்டமும் வேண்டிய மட்டும் படங்களில் உள்ளன. அரிதாயிருப்பவை வேறு. எரியுமுன் நூலகத்தினுள்ளே மேசையில் அமர்ந்து வாசித்தவர்களின் படம், நகர மண்டபத்தினுள்ளே நடந்த நாடகமோ கூட்டமோ, பெரியகடையின் உட்கடைகள், பிரதான வீதியின் பழைய வீடுகளின் பின்புறம், எந்த வீட்டினதேனும் அடுக்களை. உங்கள் பெட்டகத்திலே இவற்றுள் ஒன்று இருக்கக்கூடும். ஐப்பசி பிறந்து மழை தொடங்குமுன், வெயிலுள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை அதனைத் திறந்து பாருங்கள். ஈரக் காற்றிலே பழைய படங்களைப் பிரித்தெடுப்பது நல்லதன்று.